பதினோராம் விதியின் ‘அ’ பிரிவு வந்த கதை

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். அரசு அலுவலகங்கள் மேகக் கணினிச் சேவையைப் பயன்படுத்தும்போது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்புத் தர விதிகள். கடைசிப் பக்கத்தில் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். நீங்கள் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வருத்தப்படாதீர்கள். அந்த வரைவை எழுதிய நான்கு பேரில் நானும் ஒருவன். மற்ற மூவர் எழுதியதை நான் முழுதாகப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

ஆனால் பதினோராம் விதியை மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். கடுமையான விதி. அனுமதி இல்லாத சேவையில் அரசு ஆவணத்தை வைத்தாலோ, வைத்ததை மறைக்க அழித்தாலோ பணிநீக்கம் வரை போகலாம். அதன் கீழேயே ‘அ’ என்று ஒரு பிரிவு ஒட்டிக்கொண்டிருக்கும். செய்தது தவறு என்று தெரியவந்த மூன்று வேலை நாட்களுக்குள் தானாக முன்வந்து சொல்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது அது. சமீபத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் எழுந்து, “சார், இது ரெண்டையும் ஒரே ஆளா எழுதினாங்க?” என்று கேட்டார். ஒரே ஆள்தான் அம்மா. நடுவில் ஒன்பது நாள் இடைவெளி. அந்த ஒன்பது நாளில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2014இல் நான் ஒரகடத்தில் இருந்தேன். எந்தத் துறை, எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். கீழே டயர் கடை, மேலே நாங்கள் என்று வாலாஜாபாத் சாலையை ஒட்டிய வாடகைக் கட்டடம். சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்குச் செய்யும் உடல் பரிசோதனைப் படிவங்கள் எங்களிடம் வரும். யாருக்குக் காது மந்தம், யாருக்குப் பார்வை குறைவு, யாருக்கு மூச்சுக் கோளாறு எல்லாம் அதில் இருக்கும். தெற்கிலிருந்து வந்து அறைக்கு ஆறு பேராகத் தங்கி, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பையன்களின் படிவங்களே அதிகம். ‘வலது காது குறைவு’ என்ற மூன்று சொற்கள் வேண்டாத ஆளின் கண்ணில் பட்டால் போதும், அந்தப் பையனின் ஒப்பந்தம் அடுத்த முறை புதுப்பிக்கப்படாது. காரணமும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் பாதுகாப்பு விதிகளில் நான் அவ்வளவு கறாராக இருந்தேன். அந்தக் கறார் தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அதை யார் மேல் காட்டினேன் என்பதில்தான் தவறு.

எங்கள் அலுவலகத்தில் தரவுப் பதிவு செய்தவர் கலா. வடக்குப்பட்டுக்காரர். அதற்கு முன் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மூன்று வருடம் அசெம்ப்ளி லைனில் நின்றவர். பிள்ளை பிறந்த பிறகு ஷிப்டு ஒத்துவராமல் எங்களிடம் ஒப்பந்த ஊழியராக வந்தார். தொழிற்சாலைப் பழக்கம் அவரோடு கூடவே வந்தது. எதற்கும் ஓர் இடம், எல்லா இடத்துக்கும் ஒரு லேபிள். ஸ்டேப்ளர் வைக்கும் இடத்தில் மஞ்சள் டேப்பால் ஸ்டேப்ளர் அளவுக்குக் கட்டம். தண்ணீர்ப் பானைக்கு மேல் ‘தண்ணீர்’. நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு லேபிள் இருந்தது. அதில் என் பதவி இருந்தது, பெயர் இல்லை. “ஆளு மாறுவாங்க சார், சேர் மாறாது” என்பார்.

அவருடைய கணினித் திரையின் ஓரத்திலும் லேபிள் உண்டு. ‘கடவுச்சொல்’ என்று தலைப்பு, கீழே கடவுச்சொல். நாட்டின் பாதுகாப்புத் தரங்களைப் பற்றி வாரம் இரண்டு நாள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த நான், அந்த லேபிளுக்கு முன்னால் தினமும் டீ குடித்தேன்.

வரைவுக் குழுவில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம், ‘களத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் வேண்டும்’ என்று குழுத் தலைவர் சொன்னதுதான். அந்த அம்மையாரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சென்னையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நாங்கள் மேடம் என்போம். பேசுவது குறைவு, கேட்பது அதிகம். பதினோராம் விதியை நான் எழுதிக்கொண்டு போனபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ரொம்பக் கோபமா எழுதியிருக்கீங்களே, யார் மேல?” என்று மட்டும் கேட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

விதிகளை இறுதி செய்யும் முன், எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினோம். ‘உங்கள் அலுவலகம் வெளியார் மேகக் கணினிச் சேவை எதையாவது பயன்படுத்துகிறதா?’ என்பது முதல் கேள்வி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தேதியும் குறித்து வைத்திருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டியதில்லை. எங்கள் அலுவலகத்துப் பதிலை நானே சொல்லச் சொல்ல, கலா தட்டச்சு செய்தார்.

“முதல் கேள்வி. இல்லைன்னு போடும்மா.”

அவர் கை நின்றது.

“இல்லைன்னா போடணும் சார்?”

“ஆமா. நாம எந்தக் கிளவுட வெச்சிருக்கோம்?”

“அப்ப நாம வெச்சிகினு கீறது இன்னா சார்?”

திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு இலவசச் சேவை. கலாவின் சொந்தக் கணக்கு. பெயருக்குப் பின்னால் அவருடைய பெண்ணின் செல்லப் பெயர். உள்ளே வருட வாரியாக, தொழிற்சாலை வாரியாக, அழகாக லேபிள் ஒட்டிய எங்கள் படிவங்கள் அத்தனையும். எங்கள் அலுவலகத்தின் மூன்று கணினிகளும் ஸ்ரீபெரும்புதூர் கிளையின் ஒரு கணினியும் அதோடு இணைந்திருந்தன. எல்லோரும் கலாவின் பெயரில்தான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தோம்.

“இது எப்ப ஆரம்பிச்சது?”

“ரெண்டு வருசம் ஆவுது சார். மழையில யூபிஎஸ் புட்டுகிச்சே, ரெண்டு மாச டேட்டா போச்சே, அப்ப. உங்களாண்ட சொன்னேன். நல்லதும்மான்னீங்க.”

“நான் சொன்னேனா?”

“நீங்கதான் சார் சொன்னீங்க. அப்பால உங்க ஃபைலும் இதுலதான கீது.”

அவர் சுட்டிய இடத்தில் ‘சார்’ என்று ஒரு கோப்புறை. உள்ளே ‘சட்டம் பைனல்’, ‘சட்டம் பைனல் 2’, ‘சட்டம் பைனல் இதுதான்’. நான் அச்செடுக்கச் சொல்லி அனுப்பிய வரைவுகள். அரசு ஆவணங்கள் அனுமதியில்லாத சேவையில் இருக்கக் கூடாது என்கிற விதி, இரண்டு மாதமாக அனுமதியில்லாத சேவையில் பத்திரமாக இருந்தது.

அன்று நான் செய்ததைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். யோசிக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. “அழிச்சிடும்மா, மொத்தத்தையும்” என்றேன்.

கலா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “நான் பண்ண மாட்டேன் சார். தப்பான பீஸ் வந்தா மறைச்சு எங்கியும் போடக் கூடாது. செவப்பு டேக் கட்டி வெளிய வெக்கணும். லைன்ல அதான் பழக்கம்.”

“இது லைன் இல்ல கலா, கவர்மெண்ட்.”

அவர் எழுந்து ஒதுங்கி நின்றார். நானே உட்கார்ந்து, நானே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நானே அழித்தேன். வேலை முடிந்த நிம்மதியில் கையைக்கூடத் துடைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் ஸ்ரீபெரும்புதூர் கிளையிலிருந்து தொலைபேசி. அங்கே எழுத்தராக இருந்த முத்துராஜ், திருநெல்வேலிக்காரர்.

“சார், இங்கன ஃபைலெல்லாம் ஒண்ணொண்ணா மறையுது சார்! என் கண்ணு முன்னாலயே போகுது! நான் ஒண்ணையும் தொடலை, பாத்துக்கிடுங்க, கைய ரெண்டையும் தூக்கிட்டுல்லா உக்காந்திருக்கேன்!”

ஒரு இடத்தில் அழித்தால் இணைந்திருக்கும் எல்லா இடத்திலும் அழியும் என்பது எனக்குத் தெரியாது. இந்தத் துறைக்கு விதி எழுதிக்கொண்டிருந்தவன் நான். நீங்கள் சிரிக்கலாம்.

கலா சிரிக்கவில்லை. என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். அந்தச் சேவையில் குப்பைக்கூடை ஒன்று இருந்ததால் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிட்டார். முத்துராஜ் கையைக் கீழே இறக்கினார். அப்போதுதான் கலா திரையில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற நடவடிக்கைப் பட்டியல். முதல் வரி: ‘கலா, அனைத்துக் கோப்புகளையும் நீக்கினார், காலை 11.42.’

“சார், இதுல நான் அழிச்சதா கீது.”

ஆமாம். கணக்கு அவருடையது. அழித்தது யாராக இருந்தாலும் பதிவில் கலாதான். அதற்குத் தண்டனை என்ன என்பது எனக்கு மனப்பாடம், எழுதியவனே நான்தானே. அவருடைய ஒப்பந்தம் அந்தச் செப்டம்பரோடு முடிகிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை வரைவுக் குழு எங்கள் அலுவலகத்துக்கே வருகிறது, மாதிரி ஆய்வுக்கு.

“எனக்கு வேலை போனா மறுபடி ஷிப்டுதான் சார். புள்ளைய யாராண்ட வுடறது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டார்.

அன்று மாலை குன்றத்தூரில் வீட்டுக்கு வந்ததும் 2012ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்பதைக்கூட எழுதி வைக்கும் ஆள் நான். இருந்தது. ‘கலா படிவங்களை இணையத்தில் எங்கோ பத்திரப்படுத்துகிறார். நல்ல ஏற்பாடு.’ என் கையெழுத்து, என் மை. மேகக் கணினி என்றால் எங்கோ பெரிய கட்டடத்தில், பெரிய கம்பெனி வைத்திருக்கும் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். அது என் அலுவலகத்துக்குள் வந்தபோது நானே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

மறுநாள் மேடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எல்லாவற்றையும் சொல்லத்தான் ஆரம்பித்தேன். இலவசச் சேவை, அதில் கிடந்த என் சட்ட வரைவுகள் வரை நேராகவே சொன்னேன். ஆனால் பாதியில் என் பேச்சு மெல்லத் தடம் மாறியது. ‘அலுவலகத்தில் ஒரு தவறு நடந்துவிட்டது’, ‘கோப்புகள் நீக்கப்பட்டன’, ‘பின்னர் மீட்கப்பட்டன’ என்று போனேன். முப்பது வருட அரசாங்கப் பணி ஒருவருக்குக் கற்றுத் தருவது இந்த வாக்கிய அமைப்பைத்தான். வினை இருக்கும், செய்தவன் இருக்க மாட்டான்.

மேடம் பொறுமையாகக் கேட்டார். “நீக்கப்பட்டன சரி. பட்டியல்ல யார் பேரு வருது?”

“டேட்டா என்ட்ரி பண்ற பொண்ணு பேரு, மேடம்.”

“அந்தப் பொண்ணா நீக்கிச்சு?”

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவருக்குப் பதில் தெரிந்திருக்கும். “நீங்க எழுதின சட்டத்துல முதல்ல மாட்டினது உங்க சட்டமேவா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “வியாழக்கிழமை வர்றேன். அதுக்குள்ள என்ன சொல்லப் போறீங்கன்னு முடிவு பண்ணிக்கிங்க. இப்ப இதெல்லாம் என் காதுல விழுந்ததா வெச்சுக்க வேணாம்.”

அவர் எனக்கு வழி சொல்லவே இல்லை. அப்போது அது எனக்கு வருத்தமாக இருந்தது. உத்தரவு போட்டிருந்தால் உத்தரவுக்குப் பணிந்தேன் என்று இருந்திருக்கலாம். எட்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன் என்று எழுத ஆசைதான். நன்றாகவே தூங்கினேன், நாட்குறிப்பில் இருக்கிறது. பகலில்தான் கஷ்டம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. கலா சொன்னாலும் ஒப்பந்த ஊழியரின் வார்த்தைக்கு எதிராகப் பதிவேடு நிற்கும். அந்த வசதி ஒவ்வொரு நாளும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தது. கலா வழக்கம்போல வந்து போனார். கடவுச்சொல் லேபிளை மட்டும் உரித்துவிட்டார்.

வியாழக்கிழமை குழு வந்தது. மேடம், மற்ற உறுப்பினர்கள், சென்னையிலிருந்து வந்த தொழில்நுட்பத் தணிக்கையாளர் ஒருவர். இளைஞர், கெட்டிக்காரர், சட்டைப் பையில் மூன்று பேனா. அரை மணி நேரத்தில் கலாவின் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் அந்தப் பட்டியலையும்.

“மேடம், இது தெளிவான கேஸ். அனுமதி இல்லாத சேவை. அப்புறம் கேள்வித்தாள் வந்த அன்னிக்கே மொத்தமா அழிச்சிருக்காங்க. அந்த ஆபரேட்டர உடனே நிறுத்தணும். பதினோராம் விதி இன்னும் அமலுக்கு வரலைன்னாலும், அதோட நோக்கம் இதுதான். இதை எழுதினதே சார்தான், சார் ஒத்துக்குவாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவோரம் கலா நின்றுகொண்டிருந்தார்.

“அழிச்சது நான்தான்” என்றேன். “அந்தப் பொண்ணு மாட்டேன்னுச்சு. எந்திரிச்சுப் போய் நின்னுச்சு. நான் உக்காந்து அழிச்சேன். அந்தக் கணக்கு இருக்கறதும் எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்.” நாட்குறிப்பை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

தணிக்கையாளர் அதைப் படித்துவிட்டு, “நல்ல ஏற்பாடுன்னு வேற எழுதியிருக்கீங்களே சார்!” என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கலாவைக் கூப்பிட்டார். “ஏம்மா, அவரு அழிக்கச் சொன்னப்ப நீ ஏன் மாட்டேன்னே? பயமா இல்ல?”

“பயம்தான் மேடம். ஆனா லைன்ல மூணு வருசம் நின்னுட்டேன். அங்க தலைக்கு மேல ஒரு கயிறு போவும். தப்பான பீஸ் வந்தா யார் வேணா இழுக்கலாம். லைன் நின்னுடும். சூப்பர்வைசர் ஓடியாருவாரு.”

“வந்து திட்டுவாரா?”

“இல்ல மேடம். யாருன்னு கேக்க மாட்டாரு. இன்னாச்சுன்னுதான் கேப்பாரு.”

“இழுக்காம விட்டுட்டா?”

“அப்பதான் மேடம் யாருன்னு கேப்பாரு.”

தணிக்கையாளர் ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

நான் எழுந்து சொன்னேன்: “மேடம், பதினோராம் விதிய இப்படியே விட்டா நாளையிலேருந்து யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எல்லா அலுவலகமும் ‘இல்லை’ன்னு எழுதி அனுப்பும். நானே அப்படித்தான் எழுதச் சொன்னேன். இந்தக் கட்டடத்துல உண்மையச் சொன்ன ஒரே ஆளு கலாதான். விதி முதல்ல தேடிப் பிடிச்சது அந்த ஒரு ஆளத்தான்.”

தணிக்கையாளர் விடவில்லை. விதியைத் தளர்த்தினால் எல்லோரும் தவறு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள் என்றார். நியாயமான வாதம்தான். அதனால்தான் மூன்று வேலை நாட்கள் என்ற கெடு வந்தது, அதைக் கேட்டு வாங்கியவர் அவரே. ‘வேறு யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்’ என்ற சொற்களைச் சேர்த்தவர் மேடம். மீதியை நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். உங்கள் புத்தகத்தில் இருக்கும் ‘அ’ பிரிவு அதுதான். கடுமை ஒரு சொல்கூடக் குறையவில்லை, கவனியுங்கள். மறைத்தவனுக்கு மேலே இருக்கும் விதி அப்படியே காத்திருக்கிறது.

அந்தப் பிரிவின் பலன் எனக்குக் கிடைக்கவில்லை. அது பிறக்கும் முன்னரே தவறு செய்துவிட்டேன். சட்டம் எழுதுபவர்கள் தேதியில் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கு எழுத்து மூலம் கண்டிப்பு வந்தது, பணிப் பதிவேட்டில் ஏறியது. மேடமே கையெழுத்திட்டிருந்தார். அதைப் படித்தபோது, இதில் செய்தவன் பெயர் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருப்பதைக் கவனித்தேன். நல்ல தமிழ்.

படிவங்கள் அனுமதி பெற்ற இடத்துக்கு மாற்றப்பட்டன. கலா அந்த வேலையை நான்கு நாளில் முடித்தார், புது லேபிள்களோடு. செப்டம்பர் கடைசி வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் பட்டியல் வந்தது. எங்கள் மாவட்ட அலுவலகங்களில் இருப்பவர்களும் அவற்றைத் தணிக்கை செய்பவர்களும் தங்கள் தவறுகளைத் தெரிவிக்க ஒரு தொலைபேசி வைப்பதாக முடிவாகியிருந்தது. அந்தத் தொலைபேசிக்குக் கலாவையே வைக்கலாம் என்று மேடம் ஒரு வரி எழுதியிருந்தார். பட்டியலைக் கலாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். “போன் எங்க சார் வெக்கிறது?” என்று கேட்டுவிட்டு, மேசையில் ஓர் இடத்தைத் துடைத்து, மஞ்சள் டேப் எடுக்கப் போனார்.

‘அ’ பிரிவையும் அந்தத் தொலைபேசி எண்ணையும் சொல்லும் சுற்றறிக்கை போய் மூன்று வாரம் ஒரு அழைப்பும் இல்லை. எனக்குக் கவலை வந்துவிட்டது. இந்தப் பிரிவு பொய்த்துப்போனால் அந்தத் தொலைபேசியும் போகும், அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் போவார். “மணி அடிக்குதான்னு எத்தினி வாட்டி சார் பாப்பீங்க? அடிச்சா எனுக்கே கேக்கும்” என்று கலா என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

தீபாவளி விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த மறுநாள், முற்பகல், மணி அடித்தது. கலா எடுத்தார். மறுமுனையில் ஒருவர் தாழ்ந்த குரலில், நீளமாக, சுற்றிச் சுற்றிப் பேசினார். சொந்த மின்னஞ்சல், தணிக்கை அறிக்கைகள், வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று ஒன்றரை வருடமாக, நேற்றுத்தான் உறைத்தது என்பதெல்லாம் எதிரே இருந்த எனக்கே கேட்டது. குரலும் தெரிந்த குரல். மூன்று பேனாக்கள் என் கண் முன்னால் வந்தன.

கலா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. அவரைப் பணியிலிருந்து நிறுத்தச் சொன்ன குரல். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாரோ, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பார்த்தாரோ தெரியாது. நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தினேன்.

சாத்தும்போது கேட்டது: “பரவால்ல சார், மெதுவா சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.”